சுண்ணாம்பு பூசிய கரி

அத்தியாயம் மூன்று

காப்பி நன்றாகத்தான் இருந்தது. கையூம் பாயோடு வந்த பாவாடைக்கு அதுதான் எரிச்சலாக வந்தது.

எழவு விசாரிக்க வந்தவனுக்குக் காப்பி கொடுப்பதில் தப்பில்லை. ஆனால் தன்னிடம் வேலை பார்த்த பொம்பளை கரிக்குள் புதைந்து செத்து மூன்று நாள்தான் ஆகிறது, அதற்குள் "சர்க்கரை போதுமா, இன்னும் கொஞ்சம் போடச் சொல்லவா?" என்று மூன்று தடவை கேட்கிற மனுஷனை அவன் இன்றைக்குத்தான் பார்க்கிறான். கான்ட்ராக்டர் கலியபெருமாள் உப்பளத்தில், பழைய துறைமுகத்துக்குப் போகிற தண்டவாளத்தை ஒட்டி ஆபீஸ் போட்டிருந்தார். எதிரிலேயே ரயில் என்ஜினுக்குக் கரி ஏற்றுகிற மேடை. அந்தப் பக்கம் போன வெள்ளை நாய் கறுப்பு நாயாகத்தான் திரும்பும். இவர் வேட்டியில் மட்டும் ஒரு பொட்டுக் கறை கிடையாது.

"பதினெட்டு வருஷமா நம்மகிட்ட கூடை தூக்கினவ சின்னப்பாப்பா," என்றார் கலியபெருமாள். "கடைசியில புத்தி கெட்டுப் போச்சு. குவியலோட அடியிலேருந்து கரியைத் தோண்டித் திருடியிருக்கா. மேலே இருந்ததெல்லாம் சரிஞ்சு அமுக்கிடுச்சு. செவ்வாக்கிழமை, மணி நாலரை. அஞ்சு மணிக்குள்ள தோண்டி எடுத்துட்டோம். உசுரு இல்ல."

"அவ பொண்ணு?" என்று கேட்டார் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்துல் கையூம்.

"தையல்நாயகி. பத்தொன்பது வயசு. அம்மா திருடப் போயி செத்தான்னு ஒரு பேப்பர்ல கையெழுத்துப் போட்டுட்டா விஷயம் முடிஞ்சுது. திங்கக்கிழமையே அம்மா கூடையை அவளுக்குக் கொடுத்துடறேன். போடலேன்னா நான் கொடுத்த லைன் வீட்டைக் காலி பண்ண வேண்டியதுதான். இன்னிக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்கு வரச் சொல்லியிருக்கேன். சாட்சிக்கு ஏட்டையாவும் வர்றாரு."

செத்தவள் தலையில் இருந்த கூடையை எடுத்து மகள் தலையில் வைப்பதை என்னமோ கல்யாணச் சீர் கொடுப்பது மாதிரி சொல்கிறான். த்தூ! துப்ப இடமில்லாமல் பாவாடை காப்பியோடு சேர்த்து விழுங்கினான்.

கையூம் பாய்க்கு ஐம்பத்திரண்டு வயது. பிரெஞ்சுக்காரன் காலத்தில் கோர்ட்டில் குமாஸ்தா. அவன் மூட்டை கட்டியபோது இவரும் வேலையை உதறிவிட்டு, மிசியோன் தெருவில் ஒரு மாடி அறை பிடித்துத் துப்பறிய ஆரம்பித்தார். இருபத்தைந்து வருஷத்தில் அவருக்குச் சேர்ந்த சொத்து இரண்டு: ஒரு லாம்ப்ரெட்டா ஸ்கூட்டர், அதை ஓட்டப் பாவாடை. பாவாடை அதற்கு முன் லாரி கிளீனர். இப்போது உதவியாளன். வாய் மட்டும் இன்னும் லாரியிலேயே இருந்தது.

"படம் ஏதாவது எடுத்தீங்களா, முசே?" என்றார் கையூம், பழைய பிரெஞ்சு மரியாதை விடாமல்.

"எடுக்காம இருப்பனா? நாளைக்கு எவனாவது என்னைக் குத்தம் சொன்னா?" கலியபெருமாள் பெருமையோடு மேஜை டிராயரைத் திறந்து ஒரு போட்டோவை எடுத்து நீட்டினார். "ஸ்டூடியோக்காரனைக் கூட்டியாந்து அப்பவே எடுத்தது. வச்சுக்குங்க, இன்னும் ரெண்டு இருக்கு."

வெளியே வந்ததும் பாவாடை தாராளமாகத் துப்பினான்.

மேடைக்கு அருகில் ராஜாம்பாள் காத்திருந்தாள். காலையில் கறுத்த கையோடு மாடிப்படி ஏறி வந்து, "சின்னப்பாப்பா திருடற ஜென்மம் இல்ல பாய்" என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்லி இவர்களை இழுத்து வந்தவள் அவள்தான். சின்னப்பாப்பாவோடு சேர்ந்து கூடை தூக்கியவள்.

என்ஜினுக்குப் பின்னால் இருக்கும் கரித்தொட்டியின் உயரத்துக்குக் கருங்கல்லால் கட்டிய மேடை. ஒரு பக்கம் சரிவு. அதில்தான் பெண்கள் கூடையோடு ஏறிப்போய்த் தொட்டிக்குள் கொட்டுவார்கள். மேலே ஒரு கைக்கிரேன் துருப்பிடித்து, கழுத்து ஒடிந்து நின்றது.

"மொதல்ல இந்தக் கல்மேடையே கிடையாதுன்னு எங்க அத்தா சொல்லுவாரு," என்றார் கையூம். "மூங்கில் சாரம் கட்டி, முதுகுல மூட்டையா ஏத்தினாங்களாம். அப்புறம் கல்லுல கட்டினான். அப்புறம் கிரேன் வந்துச்சு. ரெண்டு பேர் கைப்பிடியைச் சுத்தினா அரை டன் தூக்கும். ஒரு நாள் வடம் அறுந்துச்சு. புது வடம் வர்றதுக்குள்ள கூடைக்குப் பொம்பளைங்க கிடைச்சுட்டாங்க."

"பெரிய ஊருல கரிக்குக் கோபுரமே கட்டியிருக்கானாம் பாய். வேகனோட மேலே இழுத்து வச்சிருப்பான். என்ஜின் கீழே வந்து நின்னு மதகைத் திறந்தா தானா கொட்டுமாம். நம்ம ஊருல கோபுரமெல்லாம் சாமிக்கு மட்டும்தான் போல," என்றான் பாவாடை.

ராஜாம்பாள் சிரிக்கவில்லை. மேடைக்குக் கீழே இருந்த கரிக் குவியல்களைக் காட்டினாள். ஆள் உயரத்துக்கு மேல் நீளநீளமாக இரண்டு. இரண்டின் மேலும் வெள்ளையாகச் சுண்ணாம்பு பூசியிருந்தது; ஒன்றின் நடுவில் மட்டும் தோண்டிய பள்ளம் கறுப்பாகத் தெரிந்தது.

"கரிக்கு எதுக்கும்மா வெள்ளை? பொங்கலா?" என்றான் பாவாடை.

"சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை குவியலை அளந்துட்டு, மேல பூரா சுண்ணாம்புத் தண்ணி அடிப்பாங்க தம்பி. யாராவது ஒரு கூடை எடுத்தாலும் அந்த இடம் கறுப்பாத் தெரிஞ்சுடும். இதுதான் எங்களுக்குப் பூட்டு. ஒரு பக்கத்துக் குவியல்ல எடுக்கிறப்ப இன்னொண்ணைத் தொடக்கூடாது."

"செவ்வாக்கிழமை என்ன நடந்துச்சு? முதல்லேருந்து சொல்லு," என்றார் கையூம்.

"ஒண்ணரைக்கு நாங்க எல்லாம் குழாயடிக்குச் சாப்பிடப் போனோம். மொதலாளி சின்னப்பாப்பாவை மட்டும் நிறுத்தி, இந்தக் குவியலோட அடியில சிதறினதைக் கூட்டச் சொன்னாரு. திரும்பி வந்தப்ப அவளைக் காணோம். கேட்டா, உடம்பு முடியலைன்னு வூட்டுக்குப் போயிட்டான்னாரு. அன்னிக்கு எங்களை இந்தப் பக்கமே வுடல. விழுப்புரத்துலேருந்து ரயில்வே இன்ஸ்பெக்டரு மூணரை வண்டியில வர்றாரு, கும்பல் போடாதீங்கன்னு அந்தக் கோடியில வேகன் இறக்க அனுப்பிட்டாரு. அஞ்சு மணிக்குக் கூப்பிட்டு, வூட்டுக்குப் போனவ திருட்டுத்தனமா திரும்பி வந்து செத்துட்டான்னு காட்டறாரு."

கையூம் குவியலைச் சுற்றி நடந்தார். குவியல் சரியாமல் இருக்கத் தண்டவாளத் துண்டுகளைத் தூண்களாக நட்டு, நடுவில் ஸ்லீப்பர் கட்டைகளை அடுக்கித் தடுப்பு வைப்பது வழக்கம். இரண்டாவது குவியலுக்குத் தடுப்பு இருந்தது. சின்னப்பாப்பா செத்த குவியலுக்கு வெறும் தூண்கள் மட்டும் நின்றன.

"கட்டையெல்லாம் எங்கே?"

"எல்லாம் பழைய தேக்கு பாய். போன மாசம் வண்டியில ஏத்தி லாஸ்பேட்டைக்குக் கொண்டுபோனாங்க. மொதலாளி அங்க புது வூடு கட்டறாரு. வாசக்கதவு செய்யறாங்கன்னு வண்டிக்காரனே சொன்னான்."

"இதைப் போலீசுல சொன்னியா?"

"எங்களை யாரு பாய் கேட்டாங்க?"

பாவாடை போட்டோவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். சரிந்து கிடக்கும் கரி. அதன் நடுவில் கறுப்பாக ஒரு பள்ளம். பள்ளத்தின் வாயில் சின்னப்பாப்பாவின் கூடை. இப்படி எதையாவது பார்த்தால் அவனுக்கு வாய் தானாகத் திறந்துகொள்ளும்.

"ஆள் உயரக் கரி சரிஞ்சு ஒரு பொம்பளையையே முழுங்கியிருக்கு. பவுடர் மட்டும் கலையவே இல்ல பாரு பாய். நம்ம தெருக்கூத்து ராஜாவுக்குக்கூட ரெண்டு குதி குதிச்சா வேஷம் வழிஞ்சுடும்."

கையூம் நின்றார். "என்னா சொன்னே?"

"ராஜா வேஷம்…"

"அதுக்கு முன்னாடி."

"பவுடர் கலையல."

கையூம் அவன் தோளைப் பிடித்து இரண்டாவது குவியலுக்குத் தள்ளினார். "ராஜாம்பா, அந்த ஓரத்துக் கட்டையில ரெண்டை உருவணும். திட்டு வந்தா நான் வாங்கிக்கிறேன். பாவாடை, அடியில மம்முட்டியைப் போட்டு இழு. இழுத்துட்டு ஓடி வந்துடு."

இழுத்தான். ஓடினான். முதுகுக்குப் பின்னால் கரி இரைச்சலோடு இறங்கியது. தூசி அடங்கியதும் மூன்று பேரும் பார்த்தார்கள். வெள்ளைக் குவியலின் ஓரம் முழுக்கக் கறுப்பாகிவிட்டது. மேலே இருந்த சுண்ணாம்பு நொறுங்கி, கறுப்புக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்ளைத் துண்டுகள் கிடந்தன.

"சரிஞ்ச கரி இப்படித்தான் இருக்கும்," என்றார் கையூம். "படத்துல சரிஞ்ச கரி எப்படி இருக்கு?"

போட்டோவில் சரிவு முழுக்க வெள்ளை. ஒரே சீரான வெள்ளை.

"சரிஞ்சதுக்கு அப்புறம் அடிச்சிருக்கானுங்க!" பாவாடைக்குக் குரல் எகிறியது. "எதுக்கு பாய்?"

"இன்ஸ்பெக்டர் மூணரைக்கு வர்றான். தடுப்புக் கட்டை இல்லாம குவியல் சரிஞ்சு கிடந்தா, கட்டை எங்கேன்னு கேப்பான். கான்ட்ராக்ட் போயிடும். ஆனா சுண்ணாம்பு அப்படியே இருந்தா எவனும் கிட்டப்போய்ப் பார்க்க மாட்டான். வெள்ளையா இருந்தா யாரும் தொடலைன்னு அர்த்தம்னு இவங்களுக்குப் பழகிப் போச்சு. கலியபெருமாளுக்கும் அதே பழக்கம். அதான் தன் கழுத்துக்குக் கயித்தைத் தானே போட்டோ எடுத்து மூணு காப்பி வச்சிருக்கான்."

"அப்படின்னா…" ராஜாம்பாள் மெதுவாகச் சொன்னாள். "நாலரைக்கு இல்ல. மூணரைக்கு முன்னாடியே அவ உள்ள இருந்தா."

கையூம் அவளைத் தையல்நாயகி வீட்டுக்கு வழி காட்டச் சொன்னார்.

லைன் வீடு நாலு எட்டில் இருந்தது. தையல்நாயகி வாசலில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். இவர்களைப் பார்த்ததும் எழவில்லை.

"சாயங்காலம் கையெழுத்துப் போடப் போறேன். எதுக்கு அத்தை இவங்களைக் கூட்டியாந்தே?" என்று ராஜாம்பாளைக் கேட்டாள்.

"உங்கம்மா திருடினாங்கன்னு நீ நம்பறியாம்மா?" என்றார் கையூம்.

"நம்பாம?" அவள் துலக்குவதை நிறுத்தினாள். "நான்தானே குளிப்பாட்டினேன். கரியில செத்தவங்க, மூஞ்சி கறுப்பா இருக்கும்னு பார்த்தா, கோடு கோடா சுண்ணாம்பு. தலைமயிரெல்லாம் சுண்ணாம்பு. பூட்டின குவியல்ல கை வைக்காமலா வந்துச்சு? எனக்கு அவமானமா இருக்கு. எங்கம்மாவை நெனச்சாலே எனக்குக் கூசுது. யார்கிட்டயும் சொல்லாம துடைச்சுட்டேன்."

"கண்ணுல இருந்துச்சா?"

"கண்ணுல இல்ல. கண்ணைச் சுத்தி சுத்தமா இருந்துச்சு. முந்தானை நுனிதான் வெள்ளையா விறைச்சுப் போயிருந்துச்சு. எதுக்குக் கேக்கறீங்க?"

கையூம் பாயின் முகம் மாறியதைப் பாவாடை பார்த்தான். பிணங்களைப் பார்த்தபோதெல்லாம் மாறாத முகம் அது.

"அஞ்சு மணிக்கு நான் அங்க வர்ற வரைக்கும் எதுலயும் கையெழுத்துப் போடாதேம்மா," என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் நடந்தார்.

லாம்ப்ரெட்டா கிளம்பியதும் பாவாடை கேட்டான். "முந்தானை வெள்ளையா இருந்தா என்னா பாய்?"

"வாயை மூடிட்டு ஓட்டு."

குவியலுக்குச் சுண்ணாம்பு அடிக்கிறவன் பேர் அம்மாவாசை. செவ்வாய்க்கிழமையிலிருந்து வேலைக்கு வரவில்லை, வீடு முத்தியால்பேட்டையில், தறிக்கூடத்துக்குப் பின்சந்தில் என்று ராஜாம்பாள் சொல்லி அனுப்பியிருந்தாள். வெயிலில் ஊரின் தெற்கிலிருந்து வடக்குக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்று. அம்மாவாசை கிணற்றடியில் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தான். தேங்காய் நாரும் சாம்பலும் வைத்துத் தேய்த்துத் தேய்த்து முழங்கை வரை தோல் உரிந்திருந்தது. பக்கத்து வீட்டுப் பெண், "மூணு நாளா இதே வேலைதான். சோறும் திங்கல" என்றாள்.

கையூம் போட்டோவை நீட்டினார். "இது எப்போ அடிச்சது?"

"சனிக்கிழமை," என்றான் அம்மாவாசை. படத்தைப் பார்க்காமலே சொன்னான்.

"பக்கத்துக் குவியலும் இதே படத்துல ஓரமாத் தெரியுது. அதுவும் சனிக்கிழமை அடிச்சதுதானே? மூணு நாள் என்ஜின் புகை பட்டுப் பழுத்துப் போயிருக்கு. இது மட்டும் முட்டை ஓடு மாதிரி பளிச்சுனு இருக்கே, எப்படி?"

அம்மாவாசையின் கையிலிருந்து நார் விழுந்தது.

"மொதலாளிதான் சொன்னாரு. இன்ஸ்பெக்டர் வர்றதுக்குள்ள அடின்னாரு. ரெண்டு மணிக்கு ஆரம்பிச்சேன்."

"உள்ளே ஆள் இருக்கறது உனக்குத் தெரியுமா?"

அவன் உரிந்த கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பாவாடைக்கு அந்தக் கையைப் பார்க்கப் பார்க்க ஏதோ புரிகிற மாதிரி இருந்தது. புரிய வேண்டாம் என்று இருந்தது. சந்து முனைக்குப் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். கலியபெருமாள் கொடுத்த காப்பி முழுக்க வெளியே வந்தது.

"கூட்டிட்டு வா," என்றார் கையூம் பின்னாலிருந்து. "மூணு பேரும் வண்டியில உக்காரலாம்."

ஐந்து அடிக்க ஐந்து நிமிஷம். கலியபெருமாள் ஆபீசில் சிவப்புத் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு ஏட்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கும் காப்பி வந்திருந்தது. மேஜை மேல் பேப்பர். தையல்நாயகி கையில் பேனாவைத் திணித்தாயிற்று. ராஜாம்பாள் கதவருகில் நின்றாள்.

"ஒரு நிமிஷம், ஏட்டையா," என்றார் கையூம், பாவாடையோடும் அம்மாவாசையோடும் உள்ளே நுழைந்தபடி.

போட்டோவை வைத்தார். மதியம் சரித்த குவியலை ஜன்னல் வழியே காட்டினார். கறுப்பையும் வெள்ளையையும் ஏட்டு மாறி மாறிப் பார்த்தார். எட்டு வாக்கியத்தில் விஷயம் முடிந்தது. உருவிய கட்டை, லாஸ்பேட்டைக் கதவு, ஒன்றரை மணி, மூன்றரை வண்டி. ஏட்டு காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

கலியபெருமாளின் நெற்றியில் முதல் தடவையாக வேர்த்தது. ஆனால் குரல் தழையவில்லை. "சரி, அடிக்கச் சொன்னேன். அதுல என்ன இருக்கு? அவ அப்பவே செத்துட்டா. செத்தவளை ரெண்டு மணிக்கு எடுத்தா என்ன, நாலரைக்கு எடுத்தா என்ன? இன்ஸ்பெக்டர் போகட்டும்னு பார்த்தேன். எத்தனை குடும்பம் இந்த மேடையை நம்பி இருக்கு?"

சீ! இவ்வளவுதானா? பாவாடைக்கு வாயில் நூறு வசவு வந்தது. ஒன்றும் போதுமானதாக இல்லை.

"செத்துட்டான்னு உங்களுக்கு எப்படித் தெரியும் முசே?" கையூமின் குரல் தணிந்திருந்தது. "செத்தவ தன் கண்ணுல விழுந்த சுண்ணாம்பை முந்தானையால துடைப்பாளா?"

தையல்நாயகி மெதுவாகத் திரும்பினாள். அவளுக்குப் புரிய ஒரு மூச்சு நேரம் ஆனது. சுண்ணாம்பு, அம்மா கை வைத்த இடத்திலிருந்து வரவில்லை. மேலே அடித்தது இடுக்கில் இறங்கிச் சொட்டியது.

"அம்மாவாசை," என்றார் கையூம். "நீ சொல்லிடு."

அவன் தரையைப் பார்த்தே சொன்னான். "சரிவுல ஏறி அடிக்கிறப்ப, கீழேருந்து சுரண்டற மாதிரி சத்தம் வந்துச்சு. சுண்ணாம்பு மட்டையை வச்சுட்டு எறங்கினேன். யாரோ இருக்காங்க மொதலாளின்னேன். எலிடா, அடின்னாரு. மறுபடியும் கேட்டுச்சு. மறுபடியும் எலின்னாரு. மணி ஆவுதுன்னு திட்டினாரு. சின்னப்பாப்பா வூட்டுக்குப் போயிட்டான்னுதானே சொன்னாரு, அப்ப எலியாத்தான் இருக்கும்னு நானும்…" அவன் தன் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

"பொய் சொல்றான்! குடிகாரப் பய!" கலியபெருமாள் எழுந்தார். ஏட்டு அவர் தோளில் கையை வைத்து உட்கார வைத்தார். அந்தக் கையை அப்புறம் எடுக்கவில்லை.

தையல்நாயகி அழவில்லை. அம்மாவாசையின் எதிரில் போய் நின்றாள்.

"எப்போ நின்னுச்சு?"

"என்னாது?"

"சத்தம். எப்போ நின்னுச்சு?"

ராஜாம்பாள், "வேணாண்டி, கேக்காதடி" என்று அவளைப் பிடித்து இழுத்தாள். அவள் நகரவில்லை.

"ரெண்டாவது பூச்சு அடிக்கிறப்ப," என்றான் அம்மாவாசை.

கையூம் பாய் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஏட்டு மேஜை மேல் இருந்த பேப்பரைக் கிழித்துப் போட்டுவிட்டு ஒரு புதுத் தாளை எடுத்தார். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, தையல்நாயகியைப் பார்த்தார்.

"எதுலேருந்தும்மா ஆரம்பிக்கட்டும்?" என்றார்.

"எங்கம்மா திருடல," என்றாள் தையல்நாயகி. "அதை மொதல்ல எழுதுங்க. எப்படிச் செத்தாங்கன்றதை அப்புறமா எழுதுங்க."

ஏட்டு எழுதினார். அவள் தாளைத் தன் பக்கம் திருப்பி, அந்த ஒரு வரியை விரல் வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தாள். மீதி எழுதி முடிக்கும்வரை காத்திருக்கவில்லை. அந்த வரிக்கு நேர் கீழே கையெழுத்துப் போட்டாள்.